பிளாற்றினம் தந்த மருந்து

(பழைய மாணவன் ஒருவன்)

சில ஆண்டுகளுக்கு முன்னர், எம் கல்லூரியில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து கற்ற நண்பர் ஒருவர் ஒரு மாலைப்பொழுதில் என் இல்லத்திற்கு வந்தார். அவருடைய அடிநாவிலே புற்றுநோய் தோன்றியிருந்தது. கதிர்ச்சிகிச்சையோடு சிஸ்பிளாற்றின் என்னும் மருந்தையும் நாளத்தின் வழியாக ஏற்றுவதென வைத்தியர்கள் முடிவு செய்திருந்தனர். யான் அரசினர் வைத்தியசாலைகளில் நெடுங்காலம் மருந்தாளனாகப் பணிபுரிந்தவன் என்பதனால் என்னை நாடி வந்த அவர், ஒரேயொரு வினாவையே கேட்டார்: “எனக்கு நஞ்சை ஏற்றப் போகிறார்களாமே, உண்மைதானா?”

உண்மைதான் என்றேன். அவர் முகம் வாடிற்று. அந்த ஒரு சொல்லோடு அவரை அனுப்பியிருந்தால் அவர் சிகிச்சைக்குச் செல்லாமலே இருந்திருப்பார். ஆதலின் இரவு வெகுநேரம்வரை அவரை இருத்தி, அந்நஞ்சு எங்ஙனம் மருந்தாயிற்று என்பதையும், அதனைக் கொடுப்போர் எவ்வெக் காவல்களோடு கொடுக்கின்றனர் என்பதையும், அக்காவலில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு என்பதையும் விளக்கினேன். அன்று அவருக்குக் கூறியவற்றை ஒழுங்குபடுத்தி, எம் கல்லூரியில் விஞ்ஞானம் கற்கும் மாணவர்க்கும், இந்நோயைத் தம் இல்லத்திலோ சுற்றத்திலோ காண நேரும் பழைய மாணவ நண்பர்க்கும் பயன்படுமென இம்மலரில் எழுதத் துணிந்தேன்.

ஒரு சேர்வை மருந்தாவது அது கண்டறியப்பட்ட நாளில் அன்று. அதனைப் பெருந்தீங்கின்றிக் கொடுக்கும் முறை அறியப்பட்ட நாளிலேயே அது மருந்தாகின்றது. சிஸ்பிளாற்றினின் வரலாறு இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும்.

பெயரும் உருவும்

இச்சேர்வை புதியதன்று. 1844ஆம் ஆண்டிலேயே மிக்கேலே பெய்றோன் என்னும் இத்தாலிய இரசாயனவியலாளர் இதனை ஆக்கினார். ‘பெய்றோனின் உப்பு’ என்ற பெயரோடு மஞ்சள் நிறமுடைய அத்தூள் நூறாண்டுகளுக்கு மேலாக இரசாயன நூல்களில் உறங்கிக் கிடந்தது. அதனை மருந்தென எவரும் கருதினாரில்லர்.

இதன் மூலக்கூறு மிக எளியது. நடுவிலே ஒரு பிளாற்றினம் அணு. அதனைச் சூழ இரண்டு அமோனியா மூலக்கூறுகளும் இரண்டு குளோரைட்டுகளும் ஒரே தளத்தில், சதுரத்தின் நான்கு மூலைகளில் அமைவனபோல அமைந்துள்ளன. இவ்வமைப்பை 1893இல் ஊகித்துணர்ந்தவர் அல்பிரட் வேர்ணர் என்பவர். இத்துறையில் அவர் செய்த பணிக்காக 1913இல் நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

நான்கு மூலைகளில் ஈரினப் பொருள்கள் இருவிரண்டாக அமையவேண்டுமாயின் இரு வழிகள் உண்டு. கரம் பலகையைச் சூழ நால்வர் அமர்ந்து ஆடுதலை மாணவர் அறிவர். ஒரு கட்சியைச் சேர்ந்த இருவர் எதிரெதிரே அமர்வதே அங்கு முறை. அவ்வாறு அமோனியா இரண்டும் எதிரெதிரே அமைந்தால் அஃது ‘திரான்ஸ்’ வடிவம் எனப்படும். ஒரு கட்சியினர் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் அமர்ந்தாற்போல அவை அமைந்தால் அது ‘சிஸ்’ வடிவம். மருந்தின் பெயரில் முன்னிற்கும் ‘சிஸ்’ என்னும் சொல் இதனையே குறிப்பது. அணுக்கள் அவையே, அவற்றின் தொகையும் அதுவே. ஆயினும் சிஸ் வடிவம் புற்றுநோயை அழிக்கின்றது, திரான்ஸ் வடிவமோ அதற்குப் பயன்படுவதில்லை. சமபகுதியம் என்னும் பாடத்தைப் பரீட்சைக்காக மட்டுமே கற்கும் மாணவர் இதனை நினைவிற் கொள்வாராக. இருக்கையின் மாற்றம் ஒன்றே உயிர்காக்கும் மருந்தையும் பயனற்ற தூளையும் வேறுபடுத்துகின்றது.

தேடியது ஒன்று, கிடைத்தது வேறொன்று

1960களின் முற்பகுதியில் அமெரிக்காவின் மிச்சிக்கன் அரசுப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் றோசன்பேர்க் என்னும் உயிர்ப்பௌதிக அறிஞர் பணிபுரிந்தார். கலம் ஒன்று இரண்டாகப் பிரியும்பொழுது அதனுள்ளே தோன்றும் கதிருருவான இழைகள், காந்தத்தைச் சூழ இரும்புத் தூள் ஒழுங்குபடும் தோற்றத்தை அவருக்கு நினைவூட்டின. கலப்பிரிவில் மின்புலத்திற்கும் காந்தப்புலத்திற்கும் பங்கு உண்டோ என அவர் ஐயுற்றார். அதனை அறியும்பொருட்டு, எசரிக்கியா கோலை என்னும் பற்றீரியா வளரும் போசணைக் கரைசலினூடாக மின்னோட்டத்தைச் செலுத்தினார். எதனோடும் எளிதில் தாக்கமுறாத உலோகம் என்று கருதியே மின்வாய்களைப் பிளாற்றினத்தினால் அமைத்தார்.

மின்னோட்டம் பாய்ந்தபோது பற்றீரியாக்கள் இறக்கவில்லை; ஆனாற் பிரிவதை நிறுத்திவிட்டன. பிரியாமலே வளர்ந்து, சில தம் இயல்பான நீளத்தின் முந்நூறு மடங்குவரை நீண்ட இழைகளாயின. மின்னோட்டத்தை நிறுத்தியதும் மீண்டும் பிரியத் தொடங்கின. வேறொருவராயின் மின்னோட்டம் கலப்பிரிவைத் தடுக்கின்றது என்று எழுதி அமைந்திருப்பார். றோசன்பேர்க்கும் அவருடன் உழைத்த லொறெற்றா வான் காம்ப், தோமஸ் கிறிகாஸ் ஆகியோரும் அவ்வாறு அமையவில்லை. ஒவ்வொரு காரணமாக எடுத்துச் சோதித்து விலக்கிச் சென்றனர். ஈற்றிலே, மின்வாயிலிருந்து மிகச் சிறிதளவு பிளாற்றினம் கரைந்து, கரைசலிலிருந்த அமோனியம் குளோரைட்டோடு சேர்ந்து, ஒளியின் துணையாற் புதிய சேர்வைகளாக மாறியிருந்தமையைக் கண்டனர். கலப்பிரிவைத் தடுத்தது மின்னோட்டமன்று, அச்சேர்வைகளே. 1965இல் அவர்தம் முடிவு ‘நேச்சர்’ என்னும் விஞ்ஞான இதழில் வெளிவந்தது.

பற்றீரியாவின் பிரிவைத் தடுப்பது, கட்டுக்கடங்காது பிரியும் புற்றுநோய்க் கலத்தையும் தடுக்குமன்றோ? இவ்வினாவை எழுப்பி எலிகளில் அச்சேர்வைகளைச் சோதித்தனர். கட்டிகள் கரைந்தன. அம்முடிவு 1969இல் அதே இதழில் வெளியிடப்பட்டது. பெய்றோன் ஆக்கிய பழைய உப்பு நூற்றிருபத்தைந்து ஆண்டுகளின் பின்னர் புதுவாழ்வு பெற்றது இவ்வாறே. எதிர்பாராத விளைவைக் கண்டவுடன் அதனைப் பிழையென்று ஒதுக்காது, காரணத்தை இறுதிவரை தேடிய பொறுமையே இங்குக் கண்டுபிடிப்பாக மலர்ந்தது.

கலத்தினுள்ளே நிகழ்வது

சிஸ்பிளாற்றின் குருதியிற் கலக்கும்பொழுது அங்குக் குளோரைட்டு மிகுதியாக இருத்தலின், அதன் இரு குளோரைட்டுகளும் பெரும்பாலும் தம் இடத்திலேயே நிற்கின்றன. கலத்தினுள்ளே குளோரைட்டின் செறிவு பன்மடங்கு குறைவு. ஆங்கே சென்றதும் குளோரைட்டுகள் நீங்க, அவ்விடங்களில் நீர் மூலக்கூறுகள் வந்தமர்கின்றன. இங்ஙனம் மாறிய பிளாற்றினம் தாக்குந்திறன் மிக்கது. கலத்தின் பரம்பரைப் பொருளாகிய டீ.என்.ஏ. இழையில் அருகருகே உள்ள இரண்டு குவானின் மூலங்களை அஃது இரு கைகளாற் பற்றிப் பிணைக்கின்றது. நேராக நிற்கவேண்டிய இழை அவ்விடத்தில் வளைந்துவிடுகின்றது. அருகிலுள்ள இரண்டையும் எட்டிப் பற்றச் சிஸ் வடிவத்தால் இயலும். கைகள் எதிரெதிர்த் திசையிலுள்ள திரான்ஸ் வடிவத்தால் இயலாது. வடிவத்தின் சிறப்பு இப்பொழுது விளங்கும்.

வளைந்த இழையைக் கலம் செம்மையாகப் படியெடுக்க முடிவதில்லை. பழுதைத் திருத்த முயன்று இயலாதபோது கலம் தன்னைத்தானே மாய்த்துக்கொள்கின்றது. பழுதுபார்க்கும் ஆற்றல் குன்றிய கலங்கள் இம்மருந்திற்கு எளிதில் இரையாகின்றன. அவ்வாற்றல் மிக்கவையோ, மருந்தை உட்புகவிடாது தடுப்பவையோ பிழைத்துக்கொள்கின்றன. தொடக்கத்தில் நன்கு சுருங்கிய கட்டி சிலரிடத்தில் மீண்டும் வளர்ந்து, அப்போது இம்மருந்திற்கு அசையாது நிற்பதற்கு இதுவே காரணம்.

இம்மருந்து நண்பன், பகைவன் என்ற வேறுபாட்டை அறியாது. விரைந்து பிரியும் நல்ல கலங்களையும் தாக்கும். தான் சென்று தேங்கும் உறுப்புகளையும் வருத்தும். ஆகவேதான் நண்பரிடம் நஞ்சென்பது உண்மை என்றேன்.

கைவிடப்படவிருந்த மருந்து

1970களின் தொடக்கத்தில் நோயாளர்க்கு முதன்முதல் இம்மருந்து ஏற்றப்பட்டது. கட்டிகள் சுருங்கின, ஆயினும் சிறுநீரகங்கள் பழுதுற்றன. மருந்தின் பெரும்பகுதி சிறுநீரின் வழியே வெளியேறுவது. வெளியேறும் வழியில் சிறுநீரக நுண்குழாய்களின் கலங்கள் அதனை உள்ளே இழுத்துச் செறியச் செய்கின்றன. இத்தீங்கு மிகுதியாகக் காணப்படவே, இதனைக் கைவிடுதலே தகும் என்று எண்ணியோரும் இருந்தனர்.

காப்பாற்றியது வேறொரு புதுமருந்தன்று, உப்பு நீரே. மருந்தை ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் சேலைன் நீரைத் தாராளமாக நாளத்தில் ஏற்றி, சிறுநீரைப் பெருக்கும் மனிற்றோலையும் சேர்த்துக் கொடுத்தால் சிறுநீரகப் பழுது பெரிதும் குறையுமென நியூயோர்க் நகர ஆய்வாளர் முதலில் விலங்குகளிலும் பின்னர் மனிதரிலும் கண்டறிந்து, 1977இல் வெளியிட்டனர். நீர் பெருகுவதால் சிறுநீரகத்தில் மருந்தின் செறிவு தணிகின்றது. சேலைனில் உள்ள குளோரைட்டோ மருந்து உரிய காலத்திற்கு முன் தாக்கும் வடிவமாக மாறுவதைத் தடுக்கின்றது.

இதே காலத்தில், 1974 தொடக்கம், இந்தியானாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லோறன்ஸ் ஐன்கோர்ண் என்னும் வைத்தியர், உடலெங்கும் பரவிய விதைப் புற்றுநோய்க்குச் சிஸ்பிளாற்றினை வின்பிளாஸ்தீன், பிளியோமைசின் என்னும் இரு மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தார். இளைஞரைப் பற்றும் இந்நோய் பரவியபின் அதுவரை குணமடைந்தோர் பத்தில் ஒருவர் என்னும் அளவினரே. இம்மருந்து வந்தபின்னர் பத்தில் எண்மர் அளவினர் குணமடைகின்றனர். உடலெங்கும் பரவிய திண்மக் கட்டியொன்றை மருந்தினாலேயே முற்றாக நீக்கலாம் என்னும் நம்பிக்கையை உலகிற்கு அளித்த பெருஞ்செயல் இதுவாகும். 1978 டிசெம்பரில் அமெரிக்க அரசின் ஒப்புதல் இம்மருந்திற்குக் கிடைத்தது.

நல்ல விளைவும் நீரேற்றும் முறையும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்தமை கருதத்தக்கது. பின்னது இன்றேல் முன்னது சில ஆய்வுக் கட்டுரைகளோடு முடிந்திருக்கும்.

எந்நோய்களுக்குப் பயன்படுகின்றது

விதை, சூலகம், சிறுநீர்ப்பை, சுவாசப்பை, உணவுக்குழாய், கருப்பைக் கழுத்து, வாய், தொண்டை ஆகியவற்றில் தோன்றும் புற்றுநோய்கள் பலவற்றிற்கு இம்மருந்து வழங்கப்படுகின்றது. சிறுவரிடத்தில் ஈரலில் தோன்றும் ஒருவகைக் கட்டிக்கும், வளரும் பருவத்தினரின் என்பில் தோன்றும் ஒருவகைக் கட்டிக்கும் இது முதன்மையான மருந்துகளுள் ஒன்று. சில நோய்களில் இது முற்றாகக் குணமளிக்கின்றது. சிலவற்றிற் சத்திரசிகிச்சைக்கு முன்னோ பின்னோ துணைநிற்கின்றது. வேறு சிலவற்றில் வாழ்நாளை நீட்டி வருத்தத்தைக் குறைப்பதே இதனால் இயல்வது. எந்நோக்கத்திற்காகத் தமக்கு இது கொடுக்கப்படுகின்றது என்பதை நோயாளர் கேட்டறிதல் நன்று.

கதிர்ச்சிகிச்சையோடு சேர்க்கும்போது இது வேறொரு பயனையும் தருகின்றது. கதிர் தாக்கிய கலம் தன் டீ.என்.ஏ. பழுதைத் திருத்தவிடாது பிளாற்றினம் தடுப்பதால், கதிரின் வலிமை பெருகுகின்றது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் ஐந்து பெரும் ஆய்வுகள் இதனை ஒருமுகமாக எடுத்துக்காட்டவே, 1999 பெப்புருவரியில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவகம் வைத்தியர்க்கெல்லாம் அறிவித்தல் விடுத்தது. வாய், தொண்டைப் புற்றுநோய்களிலும் இம்முறை நிலைபெற்றுள்ளது. இது எம் நாட்டினர்க்கு அயலான செய்தியன்று. வெற்றிலையோடு பாக்கும் புகையிலையும் மெல்லும் வழக்கத்தினால், இலங்கை ஆடவரைப் பற்றும் புற்றுநோய்களுள் வாய்ப் புற்றுநோய் முன்னிற்கின்றது. அவ்வழக்கத்தை விடுதல் எம்மருந்தினும் சிறந்தது என்பதையும், கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி 2017 முதல் எம் நாட்டு மாணவியர்க்குப் பாடசாலைகளில் ஏற்றப்பட்டு வருவதையும் இங்குக் குறித்தல் தகும்.

உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சிஸ்பிளாற்றின் இடம்பெற்றுள்ளது. 2023இல் இந்தியாவிலுள்ள தொழிற்சாலையொன்றின் உற்பத்தி தடைப்பட்டமையால் அமெரிக்காவிலே இம்மருந்திற்குத் தட்டுப்பாடு நேர்ந்தது. செல்வம் மிக்க அந்நாட்டு வைத்தியரும், இருப்பதை எவர்க்கு முதலில் வழங்குவது என்று வகுக்கவேண்டியவராயினர். புதுமருந்துகள் பல வந்தபின்னும் இப்பழைய மருந்தின் இடம் வெறிதாகவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

தீங்குகளும் காவல்களும்

முதலாவது, சிறுநீரகம். பழுது தொடங்கும்போது நோவு இராது. குருதிச் சோதனையே அதனைக் காட்டும். ஆகவே ஒவ்வொரு தவணைக்கும் முன்னர் குருதியிற் கிரியற்றினீன், சோடியம், பொற்றாசியம், மக்னீசியம் ஆகியவற்றின் அளவு பார்க்கப்படும். சிறுநீரோடு மக்னீசியம் மிகுதியாக வெளியேறுதலின், ஏற்றும் நீரோடு அதனையும் சேர்ப்பது வழக்கம். சோதனை முடிவு தவறாயின் வைத்தியர் மருந்தைத் தாமதிப்பர், குறைப்பர் அல்லது மாற்றுவர். “இவ்வளவு தூரம் வந்தும் இன்று ஏற்றவில்லையே” என்று வருந்துவோர் இதனை உணர்வாராக. அன்று ஏற்றாமையும் சிகிச்சையே. மூட்டுநோவிற்கென வீட்டில் வைத்திருக்கும் டைகுளோபெனக், இபுபுறூபன் போன்ற மாத்திரைகளும் சிறுநீரகத்தை வருத்துவன. வைத்தியரைக் கேளாது அவற்றையோ வேறு கைமருந்துகளையோ இக்காலத்தில் உட்கொள்ளுதல் ஆகாது.

இரண்டாவது, வாந்தி. புற்றுநோய் மருந்துகளுள் வாந்தியை மிகுதியாக உண்டாக்குவனவற்றுள் இதுவும் ஒன்று. முற்காலத்தில் இவ்வேதனைக்கு அஞ்சியே சிகிச்சையை இடைநிறுத்தியோர் உண்டு. 1991இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஒண்டான்செற்றனும் அதன் பின்வந்த மருந்துகளும் நிலைமையைப் பெரிதும் மாற்றிவிட்டன. ஆயினும் ஏற்றிய நாளோடு வாந்தி அடங்கிற்று என எண்ணலாகாது. இரண்டாம் நாள் முதல் ஐந்தாம் நாள்வரை அது மீண்டும் வரலாம். வீட்டிற்கென்று கொடுத்தனுப்பும் வாந்தி மருந்தை, வாந்தி இல்லாவிடினும் குறித்தபடி உட்கொள்ளல் வேண்டும். வாந்தியால் உடல் வறண்டால் சிறுநீரகமும் பழுதுறும்; ஒரு தீங்கு மற்றொன்றை அழைத்துவரும்.

மூன்றாவது, செவி. உட்செவியில் உயர்ந்த சுருதியை உணரும் நுண்மயிர்க் கலங்களை இம்மருந்து அழிக்கின்றது. அவை மீண்டும் முளைப்பதில்லை. எனவே இழப்பு நிலையானது. தொடக்கத்தில் காதில் இரைச்சலாக மட்டும் அது தோன்றலாம். சிறு குழந்தையாயின், செவிப்புலன் குன்றுவதால் பேச்சும் கல்வியும் பின்தங்கும். பரவாத திண்மக் கட்டியுடைய பிள்ளைகளில் இவ்விழப்பைக் குறைக்கும்பொருட்டு, மருந்தேற்றி ஆறு மணித்தியாலங்களின் பின் சோடியம் தயோசல்பேற்றை ஏற்றும் முறைக்கு 2022இல் அமெரிக்காவில் ஒப்புதல் வழங்கப்பட்டது. ஜென்ரமைசின் இனத்து நுண்ணுயிர்க்கொல்லிகள் செவியையும் சிறுநீரகத்தையும் ஒருங்கே வருத்துமாதலின், அவற்றை இதனோடு சேர்ப்பதை இயன்றவரை தவிர்ப்பர்.

நான்காவது, நரம்பு. பலமுறை ஏற்றியபின் விரல்நுனிகளிலும் உள்ளங்காலிலும் விறைப்பும் குத்தலும் தோன்றும். மருந்தை நிறுத்திய பின்னரும் சில மாதங்கள் இது கூடக்கூடும். சட்டைப் பொத்தானைப் பூட்ட இயலவில்லை, செருப்புக் காலிலிருந்து கழன்றது தெரியவில்லை என்பன முதலடையாளங்கள்.

ஐந்தாவது, என்பு மச்சை. இரண்டு மூன்று வாரங்களில் வெண்குருதிக் கலங்கள் குறையக்கூடும். அக்காலத்திற் காய்ச்சல் வந்தால் அது சிறு காய்ச்சலன்று. இரவாயினும் உடனே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். இவையன்றி, பலமுறை ஏற்றியவர்க்கும் திடீரென ஒவ்வாமை தோன்றுதல் உண்டு. கருவிலுள்ள சிசுவிற்கு இம்மருந்து தீங்கிழைக்கும். பிற்காலத்தில் மக்கட்பேறு வேண்டும் இளைஞர், சிகிச்சை தொடங்குமுன்னரே வைத்தியரிடம் அதனைப் பேசுதல் அவசியம்.

உடன்பிறப்புகள் இருவர்

இத்தீங்குகளைக் குறைக்க விழைந்த ஆய்வாளர் இதன் உருவிலே சிறு மாற்றங்களைச் செய்தனர். இங்கிலாந்தில் உருவாகிய காபோபிளாற்றின் சிறுநீரகத்தையும் செவியையும் குறைவாகவே வருத்துவது; ஆனால் என்பு மச்சையைத் தாக்கிக் குருதிச் சிறுதட்டுகளைக் குறைப்பது. ஜப்பானின் நாகோயா நகரில் யொசினோரி கிடானி என்பவர் 1976இல் ஆக்கிய ஒட்சாலிப்பிளாற்றின், பெருங்குடற் புற்றுநோயிற் சிறந்து விளங்குவது. ஆனால் அதனைப் பெற்றவர் குளிர்ந்த நீரைத் தொட்டாலும் பருகினாலும் விரல்களும் தொண்டையும் கூசி நடுங்கும்.

மருந்தாளனுக்கு இம்மூன்றும் தனித்தனி ஒழுக்கமுடையன. சிஸ்பிளாற்றினைக் குளோரைட்டுள்ள சேலைனிலேயே கலத்தல் வேண்டும். அலுமினியம் கலந்த ஊசி பட்டால் அது கறுத்து வீழ்படியும். குளிரூட்டியில் வைத்தாற் பளிங்காகும். ஒட்சாலிப்பிளாற்றினையோ சேலைனிற் கலத்தலே ஆகாது. குளுக்கோசு நீரிற்றான் கலக்கவேண்டும். ஒன்றைக் காக்கும் உப்பு மற்றொன்றைக் கெடுக்கின்றது.

அளவிலும் இவ்வாறே. சிஸ்பிளாற்றினை உடற்பரப்பிற்கு ஏற்ப அளப்பர். சதுரமீற்றருக்கு 75 மில்லிகிராம் என வைத்தால், 1.6 சதுரமீற்றர் உடற்பரப்புடைய ஒருவருக்கு 120 மில்லிகிராம் ஆகும். காபோபிளாற்றினைச் சிறுநீரகத்தின் வடித்தல் வீதங்கொண்டு அளப்பர். அவ்வீதத்தோடு 25ஐக் கூட்டி, வேண்டிய இலக்கெண்ணாற் பெருக்கவேண்டும் என்பது 1989இல் ஹிலறி கல்வேட் என்பவர் வெளியிட்ட சூத்திரம். வீதம் நிமிடத்திற்கு 75 மில்லிலீற்றர், இலக்கு 5 எனின் 500 மில்லிகிராம் ஆகும். பெயர் மயங்கிக் காபோபிளாற்றினின் அளவிலே சிஸ்பிளாற்றினை ஏற்றினால் நான்கு மடங்கிற்கு மேல் உட்செல்லும். இத்தகைய மயக்கத்தால் உலகில் உயிரிழப்பு நேர்ந்ததுண்டு. அதனாலேதான், ஒரு தவணைக்குச் சதுரமீற்றருக்கு 100 மில்லிகிராமுக்கு மேற்பட்ட சிஸ்பிளாற்றின் கட்டளையை மறுபடியும் உசாவாது வழங்கலாகாது என்பது மருந்துக் குறிப்பிலேயே எழுதப்பட்டுள்ளது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பர். இங்கோ அளவு ஒன்றே நஞ்சை அமிர்தமாக்குகின்றது.

நால்வர் கடமை

நோயாளர், வைத்தியர், மருந்து, அருகிருந்து பேணுவோர் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார் வள்ளுவர். மருந்தைப் பற்றியும் அதனைக் கொடுப்போரைப் பற்றியும் கூறினோம். எஞ்சிய இருவரின் கடமைகளும் எளியவை, ஆயினும் இன்றியமையாதவை.

நோயாளர் மறைக்காதிருத்தல் வேண்டும். எம்மவரிடத்தே, சிறு குறையைச் சொன்னால் வைத்தியர் சினப்பார், அன்றேல் மருந்தை நிறுத்திவிடுவார் என்றஞ்சி வாய்திறவாதிருக்கும் பழக்கம் உண்டு. காதின் இரைச்சல், விரலின் விறைப்பு, சிறுநீர் குறைதல், நீர் அருந்த இயலாத வாந்தி, காய்ச்சல் என்னும் ஐந்தையும் அன்றன்றே சொல்லல் வேண்டும். வீட்டார் அவர் அருந்தும் நீரையும் கழிக்கும் சிறுநீரையும் கவனித்தல் வேண்டும். இதயநோய் உள்ளவர்க்கு மிகுநீரும் ஆகாதாதலின், எவ்வளவு நீர் அருந்தலாம் என வைத்தியரிடமே கேட்டறிதல் நன்று. மருந்தேற்றிய சில நாட்கள் சிறுநீரிலும் வாந்தியிலும் மருந்து கலந்திருக்கும். அவற்றைத் துப்புரவு செய்வோர் கையுறை அணிந்து, பின்னர் கைகளை நன்கு கழுவுவாராக. நோயாளரைத் தொடுவதாலோ அவரோடு உண்பதாலோ எவருக்கும் தீங்கில்லை. அவரைத் தனித்தொதுக்கி வைத்தல் பெரும்பிழை.

என் நண்பர் மறுவாரம் சிகிச்சைக்குச் சென்றார். மூன்று வாரத்திற்கொருமுறை மும்முறை ஏற்றுவதென ஏற்பாடு. இரண்டாம் முறையின் பின்னர் இரு காதுகளிலும் இரைச்சல் தோன்றவே, அன்றிரவு பேசியதை நினைந்து, அடுத்த வருகையிலே தாதியிடம் கூறினார். செவியைச் சோதித்த வைத்தியர்கள், ஏற்றிய அளவு போதுமெனக் கொண்டு மூன்றாம் முறையை நிறுத்திக் கதிர்ச்சிகிச்சையை மட்டும் நிறைவு செய்தனர். நோய் நீங்கிற்று. மாரிகால இரவில் சுவர்க்கோழியின் ஒலி இப்பொழுது அவருக்குக் கேட்பதில்லை. மனிதர் பேச்சுக் கேட்கின்றது. அவர் சொல்லாது மறைத்திருந்தால் அதுவும் குன்றியிருக்கக்கூடும்.

அவர் கேட்ட வினாவிற்கு என் விடை இன்றும் மாறவில்லை. அது நஞ்சுதான். அளவு அறிந்தோர் அளந்து, நீராலும் உப்பாலும் சோதனையாலும் காவலிட்டு, பெறுபவரும் தம் உடலின் குரலை மறையாது உரைக்கும்போது, அந்நஞ்சு உயிர்காக்கும் மருந்தாகின்றது. அச்சத்தால் அதனை மறுத்தலும் தவறு. அசட்டையால் அதன் தீங்கை மறத்தலும் தவறு. அறிந்து ஏற்றலே நன்று.